பெயர் போடாமல் எழுதுவது குற்றமா? தோட்டத்துத் தங்கை ஒருவருக்குப் பதில்

கேள்வி: அக்கா, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அங்கேதான் வேலை. நான் வேறு பெயரில் ஒரு பேஸ்புக் கணக்கு வைத்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிலோ கழிப்பது, நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகுவது பற்றியெல்லாம் எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் யாரோ ஒரு பொய்க் கணக்கில் எங்கள் டிவிசன் பிள்ளை ஒருத்தியின் படத்தைப் போட்டு அசிங்கமாக எழுதிவிட்டார்கள். அவளுக்கு 19 வயது. இப்போது, சொந்தப் பெயர் இல்லாமல் யாரும் இணையத்தில் எழுதக் கூடாது என்று சட்டம் கேட்டு ஒரு மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போடுவதா? என் கணக்கை மூடிவிடவா?

பதில்: கணக்கை மூட வேண்டாம் தங்கச்சி. மனுவில் அந்த வரி இருக்கிறவரை கையெழுத்தும் போட வேண்டாம். ஆனால் இந்த இரண்டையும் விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் பொலிசுக்குப் போகவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள். மனு ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். இப்படி ஒன்று நடந்தால் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது, கூட்டமாகச் சேர்ந்து அந்தக் கணக்கை ரிப்போர்ட் பண்ணி நீக்க வைப்பதுதான். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கணக்கு போய்விட்டால் கையில் ஆதாரம் இல்லை. முதலில் பதிவைத் திரையில் படம் பிடியுங்கள். தேதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். அப்புறம் அந்தக் கணக்கின் இணைப்பை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் பெயரை மாற்றிவிடலாம், இணைப்பில் இருக்கிற எண் லேசில் மாறாது. குற்ற விசாரணை நடப்பதாக அதிகாரிகள் முறைப்படி கேட்டால் பேஸ்புக் அந்தக் கணக்கின் விபரங்களை 90 நாட்கள் பாதுகாத்து வைக்கும், அதற்குள் சட்டப்படியான கட்டளை போய்ச் சேர வேண்டும். அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். கணினிக் குற்றங்களுக்கு என்றே பொலிசில் தனிப் பிரிவும் உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

"பெயரே இல்லாதவனை எப்படிப் பிடிப்பது?" என்பதுதான் மனுக்காரர்களின் கேள்வி. நியாயமான கோபம். ஆனால் பிடிக்கிற வழி ஏற்கெனவே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, நீதவானின் கட்டளையோடு சேவை நிறுவனத்திடம் இருந்து சந்தாதாரர் விபரத்தைக் கேட்டு வாங்கலாம். எந்தச் சிம், எந்த இணைப்பு என்ற தடத்தைப் பிடித்துப் போகலாம். இங்கே சிம் வாங்குவதே அடையாள அட்டை கொடுத்துத்தான். ஊருக்குப் பெயர் மறைந்திருக்கலாம், நீதிமன்றத்துக்கு மறையாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஒருவரைத் துன்புறுத்த அவருடைய அந்தரங்க விபரங்களை வெளியிடுவதும், இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதும் அதில் குற்றம். "பொய்யான கூற்று" என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கிற அர்த்தம் மிகவும் அகலமானது, அதனால் விமர்சிப்பவர்கள் மேல் அது பாயலாம் என்று பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னார்கள். எனக்கும் அதே பயம்தான். அதனால் நீங்களும் கவனம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைப் பார்த்த மாதிரி எழுதாதீர்கள். மற்றபடி, புனைபெயரில் எழுதுவது மட்டுமே இலங்கையில் குற்றமில்லை.

சரி, எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? தென் கொரியா செய்து பார்த்தது. பெரிய இணையத்தளங்களில் எழுதுகிறவர்கள் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று 2007இல் கட்டாயமாக்கினார்கள். 2011இல் அங்கே ஒரு பெரிய தளத்தைத் திருடர்கள் உடைத்தபோது, சுமார் 3 கோடியே 50 லட்சம் பேரின் விபரங்கள் வெளியே போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கண்டி மாவட்டத்தில் 2018 மார்ச்சில் திகனவில் நடந்ததை எடுங்கள். முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரு வாரம் அளவில் முடக்கியது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் மன்னிப்பும் கேட்டது. அன்று வெறுப்பைத் தூண்டியவர்களில், முகத்தைக் காட்டி வீடியோ போட்டவர்களும் இருந்தார்கள். கூட்டம் பின்னால் நிற்கிறது என்று நம்புகிறவனுக்கு எதற்கு முகமூடி? பெயரை மறைக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் பின்னால் யாரும் இல்லாதவர்களுக்குத்தான்.

உங்கள் வீட்டையே பாருங்கள். அப்பா வேலை செய்யும் இடமும், நீங்கள் படுத்து எழும்பும் லயக் காம்பராவும் ஒரே நிர்வாகத்தின் கையில். கடிதம்கூடப் பல தோட்டங்களில் ஒபிசுக்குப் போய்த்தான் வீட்டுக்கு வருகிறது. கொழும்பில் ஒருவர் தன் முதலாளியைப் பற்றிச் சொந்தப் பெயரில் எழுதி வேலையை இழந்தாலும், அன்று இரவு படுக்க வீடு இருக்கும். தோட்டத்தில் ஒரு பெயர் வெளியே வந்தால் அதோடு செக்ரோல் நம்பரும், அதாவது வேலைப் பதிவு நம்பரும், கூரையும் சேர்ந்தே வெளியே வருகின்றன.

அடையாள அட்டைக் கதை வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழ் ஆட்களை நாடற்றவர்களாக்கியது, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. இன்றும் என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். போன வருடம் ஒரு அம்மாவின் கோப்பைப் பார்த்தேன். சான்றிதழில் "லெட்சுமி", அட்டையில் "லச்சிமி", சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு விதம். "உண்மைப் பெயரில் மட்டும் எழுது" என்றால் அவர் எந்தப் பெயரில் எழுதுவார்?

"பெயர் போடத் துணிவில்லாதவன் பேச்சுக்கு என்ன மதிப்பு" என்று உங்கள் தோட்டத்திலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு, தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யரை நினைவுபடுத்துங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்த்தான் அவர் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்தார். பிறகு தொழிற்சங்கம் கட்டி, சொந்தப் பெயரில் எழுதி, சட்டசபையிலும் பேசினார். வேடம் போட்டதால் அவர் கண்டது பொய்யாகிவிடவில்லை.

இனி உங்கள் கணக்கு. பேஸ்புக்கின் விதிப்படி தனிநபர் கணக்கில் அன்றாடம் அழைக்கப்படும் பெயர்தான் இருக்க வேண்டும், யாராவது முறையிட்டால் அடையாளம் கேட்டு முடக்கிவிடலாம். அதனால் ஒரு பக்கம், அதாவது 'பேஜ்', தொடங்கி எழுதுவதை அங்கே மாற்றுங்கள். அதற்கு உங்கள் சொந்தப் பெயர் வைக்க வேண்டியதில்லை, நடத்துகிறவர் பெயர் வெளியே தெரியாது. குழுக்களில் "பெயரில்லாமல் பதிவிடு" என்று ஒரு வசதி இருக்கிறதே, அதை நம்பி எதையும் போடாதீர்கள். குழுவை நடத்துகிறவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும், அதில் ஒருவர் கணக்கப்பிள்ளையின் மச்சானாக இருக்கலாம். வட்ஸ்அப் குழுவில் போன் நம்பரே தெரியும்.

ஆனால் உங்களைக் காட்டிக்கொடுக்கப் போவது பெரும்பாலும் தொழில்நுட்பம் இல்லை, போட்டோதான். நீங்கள் அனுப்பிய தராசுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் 18இல் நிற்கிறது, எழுதிய துண்டில் 15. நல்ல ஆதாரம். ஆனால் இடது மூலையில் கொழுந்துச் சாக்கில் சிவப்புப் பெயின்டில் ஒரு நம்பர் பாதி தெரிகிறது. துண்டைப் பிடித்திருக்கும் விரலில் கறை பிடித்த பிளாஸ்டர். அன்று கொழுந்தெடுத்த அந்த மலையில் விரலில் பிளாஸ்டர் போட்டிருந்தது யார் என்று கங்காணிக்குத் தெரியாதா? நம்பரையும் விரலையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். வெறுமனே மங்கலாக்கினால் போதாது. எடுத்த அன்றே போடாமல், நாலைந்து மலையில் கொழுந்தெடுத்து முடிந்த பிறகு போடுங்கள்.

மனுவைக் கொண்டு வருகிறவர்களை எதிரியாக நினைக்காதீர்கள். அவர்களும் அந்தப் பிள்ளைக்காகத்தான் அலைகிறார்கள். சட்டம் கேட்கிற வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இணையத்தில் பெண்களைத் துன்புறுத்துவது பற்றிய முறைப்பாடுகளை நுவரெலியா மாவட்டப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் ஏற்க வேண்டும், நீதவானின் கட்டளை பெற்றுக் கணக்கின் பின்னால் இருப்பவரைத் தாமதமில்லாமல் கண்டறிய வேண்டும்." அப்படி மாற்றினால் நீங்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், சொந்தப் பெயரிலேயே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், சிங்களப் பிரதியை நான் எழுதித் தருகிறேன்.