குளியலறைப் பெயின்ட் உரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: சின்னக் குளியலறைச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கும் வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டோம். மூன்றே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. "சுவரில் ஈரம், நான் என்ன செய்ய?" என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஆத்திரத்தில் வேறு ஆளை வைத்து இப்போதே சுரண்டிவிடாதீர்கள். அந்தச் சுவர்தான் உங்கள் முதல் சாட்சி.

உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் மாவு ஒட்டியிருந்தால், பழைய சுண்ணாம்பையோ டிஸ்டெம்பரையோ சுரண்டாமல் மேலேயே அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அடியில் பழைய எனாமல் பளபளத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. இரண்டும் வேலையின் குறை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிசெய்ய, பெயின்ட் உரிந்த இடத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் சுவரின் ஈரம். முன்புறம் கோத்தால் அறையின் நீராவி. எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள்.

ஈரம்தான் காரணம் என்றாலும் அவர் எளிதில் தப்ப முடியாது. ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது என்பது தொழில்காரருக்குப் பாலபாடம். முன்பே எச்சரித்திருக்க வேண்டும். அவர் எச்சரித்தும் நீங்கள் "பரவாயில்லை, அடியுங்கள்" என்றிருந்தால் வழக்கு வலுவிழக்கும். பழைய வாட்ஸ்அப் செய்திகளை இப்போதே படித்துப் பாருங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி இது சேவைக் குறைபாடு. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பணம் அனுப்பிய பதிவும் செய்திகளும் போதுமான ஆதாரம். பொருளை நீங்களே வாங்கி, ஆளை நாள்கூலிக்கு வைத்து, உங்கள் சொற்படி வேலை வாங்கியிருந்தால் மட்டும் சிக்கல்: அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், பிரிவு 2(42)-இன் சேவைக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

சரிசெய்து தரவோ பணத்தைத் திருப்பவோ 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. 1915 உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம்.

வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு சிவில் இன்ஜினியரிடம் காரணத்தைக் குறிப்பிட்டு அறிக்கையும் பிரமாணப் பத்திரமும் வாங்கிவிடுங்கள். அது கையில் வந்து, நோட்டீஸ் கெடுவும் முடிந்தபின் தாராளமாகச் சுவரைச் சுரண்டிச் சரிசெய்யலாம். அந்தச் செலவை ரசீதோடு இழப்பீடாகக் கேளுங்கள்.