குச்சவெளிப் பக்கத் தொல்லியல் ஒப்பந்த வேலை: போகலாமா?

தம்பி, திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் வீதி அகலிப்புக்கு முந்திய தொல்லியல் ஆய்வில் களத் தொழில்நுட்பவியலாளர் வேலை, அதுவும் குறுகிய கால ஒப்பந்தம். "வெறுங்குழி தோண்டத்தானா பட்டம் படித்தேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். இது புதையல் தேடுகிற வேலை இல்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தத்தால்தான் பெரிய கட்டுமானங்களுக்கு முன் இந்த ஆய்வே நடக்கிறது. அதில் வெறுங்குழியும் ஒரு முடிவு. ஆழம், மண்ணின் நிறம், "ஒன்றுமில்லை" எல்லாம் பதிவாக வேண்டும்.

பென்சில் கொண்டுபோங்கள். வியர்வைக் கை பட்டால் பேனா மை ஊறிப் பானையோட்டுப் பையின் சீட்டு வாசிக்க முடியாமல் போகும். எந்தக் குழி, எந்த ஆழத்து மண் அடுக்கு என்று தெரியாத ஓடு வெறும் ஓடுதான். பைக்குள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒன்று. கச்சான் காற்றுக் காலத்தில் மண் காய்ந்து இறுகிவிடும். அலவாங்கு பிடிக்கவும் வெட்கப்படக் கூடாது.

சம்பளத்தைவிட, மழை நாளுக்குக் காசு உண்டா, காயப்பட்டால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். நம்மாட்கள் இதைக் கேட்கத்தான் கூச்சப்படுவார்கள்.

அப்புறம், அளவுகோலைக் கண்டதும் "எங்கட காணியை எடுக்கப் போறீங்களா?" என்று சனம் வரும். திருகோணமலையில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் பொறுப்பாளரிடம் கூட்டிப் போங்கள். பழைய கிணறு, குளக்கட்டு பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.