மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள்: எம்.எஸ். நோய்தானா?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர்: "வயது 31. நான்கு மாதங்களுக்கு முன் வலது கண் மங்கியது. விழியை அசைத்தால் வலித்தது. மூன்று வாரத்தில் சரியானது. பத்து நாட்களாக இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வெள்ளைப் புள்ளிகள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம்' என்றிருக்கிறது. இது உறுதியா? வேறு சென்டரில் மறுபடி எடுக்கட்டுமா?"

உறுதி இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அறிக்கை எழுதியவர் படத்தைப் பார்த்தார், உங்களைப் பார்க்கவில்லை. கண் மங்கிய விஷயம் அவருக்குச் சொல்லப்பட்டதா என்பதே சந்தேகம்.

வெள்ளைப் புள்ளிகள் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், முதுமை எல்லாமே அவற்றை உண்டாக்கும். ஆகவே எத்தனை என்பதைவிட எங்கே என்றுதான் பார்ப்போம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில், சுவருக்குச் செங்குத்தாக நீண்ட முட்டை வடிவப் புள்ளிகள் தெரிந்தால் எம்.எஸ். மீது சந்தேகம் வலுக்கும். 'டாசன் விரல்கள்' என்பது அவற்றின் பெயர். மூளையின் புறணியை (மேலடுக்கை) ஒட்டிய பகுதி, மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகியவை மற்ற இடங்கள். எம்.எஸ்.ஸைக் கண்டறிய மருத்துவர்கள் பின்பற்றும் 2017 மெக்டொனால்டு விதிகள் இந்த நான்கில் இரண்டிலாவது பாதிப்பைக் கேட்டன. 2024 திருத்தம் பார்வை நரம்பையும் ஐந்தாவதாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் கண் கதைக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

நோய் வெவ்வேறு காலங்களில் தாக்கியதா என்பது அடுத்த கேள்வி. கடோலினியம் என்ற சாய ஊசி போட்டு எடுத்தால் புதிய அழற்சி பளிச்சிடும், பழைய தழும்பு பளிச்சிடாது. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் விடை கிடைத்துவிடும். உங்களுக்கோ அந்தச் சாட்சி நாட்காட்டியிலேயே இருக்கலாம்: கண்ணுக்கு ஒரு மாதம், காலுக்கு இன்னொரு மாதம். தேதிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

மூளை ஸ்கேனை மறுபடி எடுப்பது இப்போதைக்கு வீண் செலவு. இரண்டு கால்களும் மரத்திருக்கும்போது கழுத்து, நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தைப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. படங்கள் உள்ள சிடியோடு (அறிக்கைத் தாள் மட்டும் போதாது) இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து தண்டுவட ஸ்கேனைப் பற்றிக் கேளுங்கள். கடோலினியம் போடுவதானால் சிறுநீரக நோயோ கர்ப்பமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நகை, ஊக்கு எல்லாம் வெளியே. தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்குபவர்கள் ஏராளம். உலோகமில்லாத மஞ்சள் கயிறாக மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காந்தம் ஒன்றும் செய்யாது.

எம்.எஸ். போலத் தோன்றும் வேறு நோய்களைப் பிரித்தறிய, ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள்களும் வைட்டமின் பி12 அளவும் பார்ப்பது நல்லது. கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. நோய் எம்.எஸ். போலவே வேடமிடும், எம்.எஸ். மருந்துகளில் சில அதை மோசமாக்கிவிடும். நோயின் பெயர் தெரியாமல் நீண்டகால மருந்தைத் தொடங்கச் சம்மதிக்காதீர்கள்.

கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். அன்றே ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.