சங்க நிர்வாகக் குழுவில் பெயருக்கு இருப்பவர்களை வேலையில் இறங்க வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. தலைவரான நீங்களும் பொருளாளரும் மட்டும் ஓடியாடி வேலை பார்க்கிறீர்கள். மற்ற ஐந்து பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள், தலையாட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களுக்கு எப்படி ஆர்வம் வர வைப்பது?

நான் ஆறு வருடம் இப்படி ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் இதே குறைதான். ஒன்பது பேர் குழுவில் தலைவர், பொருளாளர், நான் என்று மூன்று பேர்தான் எல்லாம். மோட்டார் ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன், யாரோ காரை மாற்றி நிறுத்தினாலும் எனக்குத்தான் போன். மற்ற ஆறு பேர் மேல் உள்ளுக்குள் கோபம் புகைந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பழைய விவரம் ஒன்றைத் தேடி மின்னஞ்சலைக் கிளறினேன். கூட்டத்தில் வாயே திறக்காத உறுப்பினர் ஒருவர், குழுவுக்கு வந்த முதல் மாதமே எனக்கு நீளமாக எழுதியிருந்தார். ஒப்பந்தத்தில் எந்தெந்த உதிரிபாகம் அடங்கும் என்று தெளிவில்லை, கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பது எழுதப்படவே இல்லை என்று வரிவரியாகப் படித்துக் குறித்திருந்தார். நான் அதற்குப் போட்டிருந்த பதில் ஒரே வரி: "நன்றி சார், இதை நாங்கள் ஏற்கெனவே பேசிவிட்டோம்."

'நாம்' என்று எழுதவில்லை, 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன். அவரும் அந்தக் குழுவின் உறுப்பினர்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் எதையும் சொல்லவில்லை. அவரைத்தான் நான் அக்கறையில்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இந்த ஒப்பந்தம் முழுக்க உங்கள் பொறுப்பில் இருக்கட்டும் சார். நீங்கள் பேசி முடித்துக் கொண்டு வருவதைத்தான் குழுவில் வைப்போம்" என்றேன். மூன்று வாரத்தில் புது ஒப்பந்தத்தோடு வந்தார். ஆள் வர வேண்டிய நேரம், அடங்கும் பாகங்களின் பட்டியல் இரண்டும் அதில் இருந்தன. அதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் பழைய ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அதனால் உங்களுக்கு என் பதில் இது: ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஆர்வமாக வருகிறவரும் சில மாதத்தில் அடங்கிவிடுவார்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அந்த எட்டுப் பேரின் தனித்தனி பலத்தைக் கூட்டினால் வருவதில் பாதி அளவுதான் கிடைத்தது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் இழுக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் முயற்சியையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பின்னால் 1979இல் லடானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் காட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே மூவர் 1981இல் கண்டது: யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பது தனியாகத் தெரியும் என்றால், கூட்டத்தில் இருந்தாலும் ஆட்கள் முயற்சியைக் குறைக்கவில்லை. உங்கள் ஐந்து பேரும் சோம்பேறிகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கயிற்றில் அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, வேலையை எப்படிப் பிரிப்பது? 'பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கொடுத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் முடிக்க மாட்டார்கள். அதற்கு எல்லையே இல்லை. 'மழைக்காலம் தொடங்குவதற்குள் மொட்டை மாடியில் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்து, மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்' என்பதற்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது. முதல் வேலை ஒன்றிரண்டு மாதத்தில் முடிகிற அளவில் இருக்கட்டும். முடித்தவர் அடுத்ததைத் தானாகவே கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்கும் விதமும் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் "யாராவது இதைப் பார்க்க முடியுமா?" என்று போட்டால் அந்த 'யாராவது' யாருமே இல்லை. நேரில் போங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். ஏன் அவரைக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். "நீங்கள் உங்கள் வீட்டு வேலையை எவ்வளவு கவனமாகச் செய்ய வைத்தீர்கள் என்று பார்த்தேன், அதனால்தான் பெயின்ட் வேலைக்கு உங்களைக் கேட்கிறேன்" என்றால் யோசிப்பார். எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை என்று சொல்லிக் கொடுத்தது ஐந்து வாரம் இழுத்தால் அடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்.

முடிவெடுக்கும் உரிமைதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கொடுக்கிறவருக்குத்தான் கடினம். எங்கள் குழு ஒரு தீர்மானம் போட்டது: பொறுப்பாளர் குறிப்பிட்ட தொகை வரைக்கும் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம், பில்லை மட்டும் பொருளாளரிடம் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் குழுவுக்கு வர வேண்டும். அந்தத் தீர்மானம் வந்த பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் வைத்த செடிகள் எனக்குப் பிடிக்கவில்லை, போய்ச் சொல்லியும்விட்டேன். மறுநாளே அவர் சாவியைக் கொண்டு வந்து கொடுத்தார். திரும்ப வாங்கிக்கொள்ள வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நீங்கள் செய்வதைவிடக் கொஞ்சம் சுமாராகவே அவர் செய்தாலும், ஆபத்தில்லாத விஷயம் என்றால் விட்டுவிடுங்கள். தீயணைப்புக் கருவி, மின் இணைப்பு, தண்ணீர் சுத்தம், கணக்கு இவற்றில் மட்டும் இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் இருக்கட்டும். அதுவும் எல்லோருக்கும் பொதுவான விதியாக இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கு என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். "எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தேன்" என்று சொன்ன ஒரு அம்மா. அவரிடம் ஒரே ஒரு வேலை கேட்டோம். சங்கத்துக்குச் சொந்தமான பெரிய பொருட்கள் ஒவ்வொன்றும் எப்போது வாங்கியது, இன்னும் எத்தனை வருடம் வரும், மாற்ற என்ன செலவாகும் என்று ஒரு பட்டியல். லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப், மொட்டை மாடித் தளம், வெளிப்புற பெயின்ட், குழாய்கள். பழைய பில்களைத் தேடி, மெக்கானிக்குகளை உட்கார வைத்துக் கேட்டு, நான்கு மாதத்தில் முடித்தார். இவற்றை மாற்றுவதற்காகச் சேர்த்துவைக்கும் சேமநிதிக்கு எங்கள் வசூல் போதாது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் புரிந்தது. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்று நான் இரண்டு முறை பொதுக்குழுவில் கேட்டுத் தோற்றிருந்தேன். அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசியபோது தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, கூட்டம். இரண்டரை மணி நேரம் நடக்கும் கூட்டமே பாதிப் பேரை விரட்டிவிடும். நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957இல் எழுதிய ஒரு கற்பனைக் குழு, அணு உலைக்கு நிமிடக் கணக்கில் ஒப்புதல் கொடுத்துவிட்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். எங்கள் கூட்டத்தில் சைக்கிள் கொட்டகையின் இடத்தில் பார்க்கிங் இருந்தது. நிகழ்ச்சி நிரலும் கொட்டேஷன்களும் மூன்று நாள் முன்பே எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும், பணம் சம்பந்தப்பட்ட முடிவுகள் முதலில், பார்க்கிங் கடைசியில் என்று மாற்றினோம். ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் வேலை எங்கே நிற்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். இதை நான் சொல்லாமல் அவரவரே சொல்ல ஆரம்பித்ததும், சும்மா வந்துபோன இரண்டு பேர் சொல்வதற்கு ஏதாவது வேண்டும் என்றே வேலை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வசவு. சம்பளமில்லாமல் வேலை செய்கிறவரைப் பொது வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நம் பணத்தை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், அன்றோடு அவர் மனம் விட்டுப்போகும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் 'நமக்கெதற்கு' என்று ஒதுங்குவார்கள். தலைவராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தக் கேள்விக்கு முதல் ஆளாகப் பதில் சொல்வது. "இது குழுவின் முடிவு, அவருடைய தனி முடிவு இல்லை. கணக்கு அலுவலக அறையில் இருக்கிறது, வந்து பாருங்கள்." புகார்களுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி வைத்து, உறுப்பினர்களின் சொந்த எண்ணுக்குப் போன் வருவதை நிறுத்துங்கள். எங்கள் குழுவிலிருந்து விலகிய இரண்டு பேரும் வேலைப் பளுவால் போகவில்லை. அவமானப்பட்டுத்தான் போனார்கள், அவர்களுக்காக அன்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

குழுவில் இருப்பவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தால் வேலை செய்வார்களா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர் அவிழ்க்கப் பணம் வாங்கிய மாணவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. சங்கத்தில் இன்னொரு சிக்கலும் வரும்: 'இவர் தள்ளுபடிக்காகத்தான் வந்தார்' என்ற பேச்சு கிளம்பிவிட்டால் நல்லவர்கள் தேர்தலில் நிற்க யோசிப்பார்கள். கைக்காசு போட்டுச் செலவு செய்திருந்தால் அதை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் அசையவில்லை என்றால் தனியாகப் பேசுங்கள். அவர் வீட்டில் நோயாளி இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், வெளியே சொல்ல முடியாத கடன் இருக்கலாம். "இந்த வருடம் முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த வருடம் வாருங்கள்" என்றால் நிம்மதியாக விலகுவார். தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவரின் இடத்தை நிரப்ப உங்கள் சங்க விதிகளில் வழி இருக்கிறதா என்றும் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பேசிப் பார்க்காமல் அந்த விதியை எடுக்க வேண்டாம், அதே வளாகத்தில்தான் தினமும் முகம் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நீங்களும் பொருளாளரும் போன மாதம் செய்த அத்தனை வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் நீங்கள்தான் செய்தாக வேண்டும் என்று எதுவெல்லாம் உண்மையிலேயே இருக்கிறது என்று பாருங்கள். மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐந்து பேரில் அதிகம் பேசாதவர் வீட்டுக்கு முதலில் போங்கள். போவதற்கு முன்னால் அவர் உங்களுக்கு முன்பு எழுதியது ஏதாவது பதிலில்லாமல் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.