எண்பது காவடிக் கணக்கு

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 52, மாதச் சம்பளம் 38,000 ராண்ட். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து பூஜை அலமாரி, காவடி என்று ஏதாவது செய்வேன். மேசை ரம்பம் 15,500, பட்டை ரம்பம் 13,500, பலகையைச் சீரான கனத்துக்கு இழைக்கும் இயந்திரம் 11,000, ஆக மொத்தம் இவற்றை வாங்க 40,000 ராண்ட் ஆகிறது. ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையில், அதாவது ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பங்கில், 62,000 இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா? போன தைப்பூசத்துக்கு மூன்று காவடி செய்து கொடுத்தேன். மரச்செலவு போக ஒன்றுக்கு 500 ராண்ட் நின்றது. விற்றே முதலை மீட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி ஒப்பவில்லை.

பதில்: முதலில் காவடிக் கணக்கைப் பார்ப்போம். 40,000-ஐ 500-ஆல் வகுத்தால் 80 காவடி. ஆண்டுக்கு மூன்று என்ற வேகத்தில் போனால் முதல் திரும்பும்போது உங்களுக்கு 79 வயது. உங்கள் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆகவே வியாபாரம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இது ஆசைக்குச் செய்யும் செலவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆசைச் செலவுக்கென்று ஒரு பணம் இருக்கிறது, ஓய்வூதியம் அதுவல்ல.

ஓய்வூதியச் சந்தாவைச் சேமிப்புப் பானை, ஓய்வுப் பானை என்று பிரிக்கும் இரு பானைத் திட்டம் 2024 செப்டம்பர் 1-இல் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எடுக்கும் தொகை உங்கள் சம்பளத்தோடு கூடி, அந்தப் படிநிலைக்குரிய வரி பிடிக்கப்படும். உங்கள் சம்பளத்துக்கு அது 31 சதவீதம். கையில் 40,000 வர வேண்டுமானால் ஏறக்குறைய 58,000 எடுக்க வேண்டும். நிதி நிறுவனத்தின் கட்டணம் தனி. 15,500 ராண்ட் ரம்பத்தின் உண்மை விலை 22,500 ராண்டுக்குக் குறையாது. அந்த 58,000 இருந்த இடத்திலேயே இருந்து ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால் உங்கள் 60-ஆவது வயதில் இரட்டிப்பாகியிருக்கும். இந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம்.

கடையில் தவணைக்குத் தருவார்கள். வட்டியோடு தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் ஏறும். வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு செலவழிக்கலாம்? டிசம்பரில் 13-ஆவது மாதச் சம்பளம் (போனஸ்) வருமானால் அதில் 15,000. அதற்குமேல் ஒரு ராண்டும் இப்போது வேண்டாம். வாங்கும் வரிசையும் முக்கியம். எந்த இயந்திரம் இல்லாததால் உங்கள் வேலை நின்றதோ அதை முதலில் வாங்குங்கள். காவடியின் வளைவு கைரம்பத்தில் உயிரை வாங்கும். அதற்குப் பட்டை ரம்பம் உதவும். நேர்வெட்டுக்கு ஒரு கை வட்ட ரம்பமும் நேரான சட்டமும் போதும், மேசை ரம்பம் காத்திருக்கட்டும். பலகை இழைப்பதை மரக்கடையில் கூலிக்குக் கொடுத்து வாங்கலாம்.

பட்டை ரம்பத்தைப் பழையதாகப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: தொழிற்சாலையிலிருந்து வரும் கனத்த இயந்திரம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். மூன்று ஃபேஸ் என்று இருந்தால் உங்கள் வீட்டு பிளக்கில் அது ஓடாது. நான் ஒரு முறை அந்தத் தகட்டைப் படிக்காமல் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஆண்டு அதன்மேல் ஈரத் துண்டுதான் காய்ந்தது. மேல் மூடியைத் திறந்து சக்கரங்களைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 15,000-இல் நாலில் ஒரு பங்கை பிளேடுக்கும் தூள் உறிஞ்சிக்கும் நல்ல முகமூடிக்கும் ஒதுக்கிவிடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள்.

ஜனவரி முதல் மாதம் 600 ராண்டைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். 18 மாதத்தில் 10,800 சேரும், இழைப்பு இயந்திரத்தின் விலை கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்குள் பட்டை ரம்பத்தின்மேல் துணி காய்கிறதென்றால் அந்தப் பணத்தை வீட்டுக்கடனில் கட்டிவிடலாம்.

சாட்ஸ்வொர்த் வீடுகளில் பல ஒட்டுச்சுவர் வீடுகள். உங்களுடையதும் அப்படியென்றால் ரம்பத்தின் இரைச்சல் சுவர் தாண்டிப் போகும்; முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.