வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க எந்தப் பயிற்சி? – கேள்வி பதில்

வியட்நாமிலும் ஓமானிலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது சென்னையில் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். வந்திருக்கும் கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மதுரை, பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர்: அக்கா, செல்டா, டிரினிட்டி, 120 மணி நேர டெஃபல் என்று ஏகப்பட்ட பெயர்கள். தலை சுற்றுகிறது. எதில் சேர்வது?

டெஃபல், டெசால் என்பவை பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பெயர்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் கோர்ஸ் நடத்தலாம், சான்றிதழ் கொடுக்கலாம். கேட்க ஆளில்லை. செல்டா கேம்பிரிட்ஜ் வழங்குவது. செர்ட்டெசால் லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்குவது. இரண்டுக்கும் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து தரம் பார்ப்பார். இரண்டுமே பிரிட்டனின் தகுதி வரிசையில் 5ஆம் நிலை. வேலை கொடுப்பவர்களும் இரண்டையும் சமமாகத்தான் பார்க்கிறார்கள்.

செல்டாவில் குறைந்தது 120 மணி நேரம், செர்ட்டெசாலில் 130. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். இரண்டிலும் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நீங்களே பாடம் நடத்த வேண்டும். என்னைப் பொறுத்தவரை அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அதில் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம். 'யூஸ்டு டு' நடத்துகிறீர்கள். 'ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை' என்று போர்டில் எழுதி, பத்து நிமிடம் விளக்கி, கடைசியில் 'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்கிறீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். நம் ஊர்ப் பள்ளி, கல்லூரியில் படித்த எல்லாருக்கும் அந்தத் தலையாட்டல் பழக்கம்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர், நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டே இருப்பார். வகுப்பு முடிந்ததும் கேட்பார்: அவர்களுக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 'இப்போதும் மதுரையில் இருக்கிறேனா? முன்பு இருந்தேனா? ஒரு நாளா, ரொம்ப நாளா?' என்று மூன்று குட்டிக் கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அடுத்த வகுப்பில் அதைச் செய்து காட்ட வேண்டும். இப்படி ஒரு பழக்கம் போய் இன்னொரு பழக்கம் வருவதற்கு, ஒருவர் நம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். வீடியோவைப் பார்த்து வராது.

டிரினிட்டியில் எனக்குப் பிடித்த ஒன்று: உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் சில வகுப்புகளுக்கு மாணவராக உட்கார வைப்பார்கள். ஒன்றும் புரியாமல் விழிக்கும் மாணவரின் நிலை அப்போது உடம்பில் ஏறும்.

கட்டணம் லட்சத்தைத் தாண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். நாடு, அதன் விசா விதி, அப்புறம்தான் கோர்ஸ். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்: மேடம், ஆன்லைனில் 120 மணி நேர கோர்ஸ் ஆஃபரில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சர்வதேச அங்கீகாரம் என்று போட்டிருக்கிறார்கள். போதுமா?

யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். அங்கீகாரம் தரும் அமைப்பையே சிலர் பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். பிரிட்டன் தகுதி என்று சொன்னால், அங்கே தகுதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டில் தேடுங்கள், அது எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி: நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, யாராவது பார்த்துக் கருத்துச் சொல்கிறார்களா? இல்லை என்றால் அது வாசிப்புப் பாடம் மட்டுமே. இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க 2,000 ரூபாய் செலவழிப்பதில் தவறில்லை. அதை வைத்து வேலை கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

நாகர்கோவில், பி.எட். முடித்த ஆசிரியை: வளைகுடா போக ஆசை. பி.எட். இருக்கும்போது செல்டாவும் வேண்டுமா அக்கா?

பள்ளி வேலை என்றால் வேண்டாம். அமீரகம், ஓமான், கத்தாரில் நம் பாடத்திட்டப் பள்ளிகள் ஏராளம். அங்கே பி.எட்.டும் அனுபவமும்தான் பேசும். இரண்டு வருடம் இங்கே ஒரு நல்ல சிபிஎஸ்இ பள்ளியில் வேலை பார்த்துவிட்டுப் போனால் சம்பளத்தில் வித்தியாசம் தெரியும். பல்கலைக்கழகங்களில் முதலாண்டுக்கு முந்தைய ஆங்கில வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டத்தோடு செல்டாவோ, அதற்கு மேல்நிலையான கேம்பிரிட்ஜின் டெல்டாவோ கேட்பார்கள். அந்தப் பக்கம் போக நினைத்தால் மட்டும் யோசியுங்கள்.

சேலம்: கொரியாவில் ஆங்கில ஆசிரியையாகப் போக வேண்டும் என்பது என் கனவு. எந்த கோர்ஸ் படித்தால் எடுப்பார்கள்?

மனசு கஷ்டப்படும், ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொரியாவின் ஈ-2 ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்குப் பள்ளி உதவி ஆசிரியர் என்று ஒரு குறுகிய வழி உண்டு. அதை நம்பி லட்சம் ரூபாய் கட்டாதீர்கள். தனியார் மையம் எதுவும் உங்களுக்கு விசா வாங்கித் தர முடியாது. முடியும் என்பவர் பொய் சொல்கிறார். ஜப்பானைப் பாருங்கள். அங்கே பள்ளியில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு அந்த மொழி வழியில் 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு அது கைகொடுக்கும். பள்ளியிலிருந்து பயிற்று மொழிச் சான்று வாங்கி வையுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்: அம்மா, நீங்களே ஏழு நாட்டுக் கதையைச் சொல்கிறீர்கள். வெள்ளைத்தோலைப் பார்த்து வேலை கொடுக்கும் துறை இது. நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் செலவழித்து அவமானப்படுவானேன்?

ஐயா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. விசா சட்டம் ஒன்று, முதலாளியின் மனப்போக்கு இன்னொன்று. சட்டத்தோடு வாதாட முடியாது, வேறு நாடு பார்க்க வேண்டியதுதான். மனப்போக்கோடு வாதாடலாம், வாதாடியும் வருகிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பவர்களின் அமைப்பான டெசால் சர்வதேச சங்கம் 2006இல், தாய்மொழியை வைத்து ஆசிரியர்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டது.

கோவை: ஐயா சொல்வதுதான் சரி. 'நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் ஒன்லி' என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். அறிக்கை விட்டு என்ன பிரயோஜனம்?

அந்த வரியைப் பார்த்தும் நான் விண்ணப்பித்திருக்கிறேன். மாதிரி வகுப்பு நடத்த ஒரு வாய்ப்பு கேட்பேன். சில இடங்களில் பதிலே வராது. சில இடங்களில் கூப்பிடுவார்கள், வகுப்பைப் பார்த்த பிறகு பேச்சு மாறும். அந்த மாதிரி வகுப்பை நடத்தும் தெம்பைத்தான் அந்த ஆறு மணி நேரம் கொடுக்கிறது.

யாழ்ப்பாணம்: அக்கா, ஆங்கிலம் அவர்களுடையது, நாங்கள் இரவல் வாங்கியவர்கள் என்ற எண்ணம் எங்கள் மாணவர்களிடமே இருக்கிறது. அதை என்ன செய்வது?

நல்ல இடத்திலிருந்து கேட்டீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, உங்கள் ஊர் வகுப்பறைகளை வைத்தே இந்தக் கேள்வியை உலக அளவில் எழுப்பினார். பின்னாளில் இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழான டெசால் குவார்ட்டர்லியின் ஆசிரியராகவும் இருந்தார்.

தஞ்சாவூர் ஐயாவுக்கும் இதைச் சொல்ல வேண்டும். செல்டா வகுப்பில் 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று ஒன்று வரும். உலகம் முழுக்கப் பேசப்படும் முறை. அதன் வேர்களில் ஒன்று 1979 முதல் 1984 வரை இந்திய ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு தலைமையில் நடந்த திட்டம். பெங்களூர்த் திட்டம் என்று பெயர், ஆனால் சென்னையிலும் கடலூரிலும்கூட வகுப்புகள் நடந்தன. சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். இலக்கணம் நடத்தாமல், ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் இத்தனை மணிக்குள் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்த யோசனையில் மொழி தானாக வரும் என்பது பிரபுவின் எண்ணம். நம் கடலூர் வகுப்பறையில் சோதித்துப் பார்த்த முறையைப் படிக்கப் போகும் பிள்ளை, இரவல்காரர் மாதிரி ஏன் தலைகுனிய வேண்டும்?

தஞ்சாவூர் ஐயா மீண்டும்: கடலூர் விஷயம் எனக்குத் தெரியாது, மகிழ்ச்சி. ஆனாலும் சம்பளத்தில் பாகுபாடு இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது ஐயா. பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடும் இடங்கள் உண்டு. அதனால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் இந்தியர் அல்லது பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் பேசாமல் போகாதீர்கள் என்கிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, விசா செலவு யாருடையது என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஈரோடு: 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ் நல்லதா?

திருப்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

வேலூர்: என் உச்சரிப்பு தமிழ் வாடையோடு இருக்கும். முதலில் ஆக்சென்ட் வகுப்பில் சேரவா?

வேண்டவே வேண்டாம். அமெரிக்கர் மாதிரிப் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தெளிவுதான் முக்கியம். 'வி', 'டபிள்யூ' வேறுபாடு, சொல்லில் அழுத்தம் விழும் இடம், வேகம், இந்த மூன்றையும் கவனித்தால் போதும். ஒரு பத்தியைப் போனில் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

விழுப்புரம்: ஐஇஎல்டிஎஸ்-இல் 7 வாங்க டிப்ஸ் தாருங்கள்.

அது என் பகுதி இல்லை தம்பி. ஐஇஎல்டிஎஸ் பயிற்சி தருபவர்களிடம் கேளுங்கள்.

திருநெல்வேலி: அக்கா, ஒரு ஏஜென்ட் தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். 80,000 கேட்கிறார்.

போகாதீர்கள். இன்றே அவர் எண்ணை பிளாக் செய்யுங்கள். தாய்லாந்து வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் சிக்கினார்கள். 2022இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. முறையான ஆசிரியர் வேலைக்கு, நீங்கள் இங்கே இருக்கும்போதே பள்ளி தன் பெயரில் கடிதம் அனுப்பும், வேலைக்கான விசாவில்தான் கிளம்புவீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 80,000 என்ற தொகையே பதில் சொல்லிவிட்டது.

கரூர்: வியட்நாம் போக என்ன சான்றிதழ்கள் தயார் செய்ய வேண்டும்?

பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று. பட்டமும் சான்றிதழும் இங்கே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாக அத்தாட்சி பெற வேண்டும். தூதரகம் வரை போக வேண்டுமா, அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தரும், பல நாடுகள் ஏற்கும் அத்தாட்சி) போதுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம்.

நம் ஊர்க்காரர்களை மட்டும் படுத்தும் ஒன்று இனிஷியல். பட்டத்தில் 'எஸ். கவிதா' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக வந்திருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு வேறு ஆட்கள். செல்டா படிவத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பட்டத்தின் பெயருக்கு, இருவரும் ஒரே நபர்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் இப்போதே வாங்கி வையுங்கள். கோர்ஸ் முடிந்து வேலையும் கிடைத்த பிறகு இதற்காக அலைபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

தர்மபுரி: ஆன்லைன் டெஃபல் 120 மணி நேரம், வேலை உத்தரவாதத்தோடு தருகிறார்கள். சேரலாமா?

மூன்றாவது முறை. வேண்டாம். வேலை உத்தரவாதம் என்று எந்தப் பயிற்சி நிலையமும் தர முடியாது. விசா கொடுப்பது அரசு. மேலே திருப்பூர், சேலம் இரண்டு பதில்களையும் படித்துவிட்டுப் பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

புதுச்சேரி: செல்டாவே ஆன்லைனில் இருக்கிறதாமே, அதுவும் வேண்டாமா?

அது வேறு. அதில் நேரலையில் நிஜ மாணவர்களுக்கு அதே ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பார்ப்பார். சான்றிதழும் ஒன்றே. ஊரைவிட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் முப்பது பேர் உட்கார்ந்த அறையைச் சமாளிக்கும் பழக்கம் அதில் வராது, அதைப் பக்கத்துப் பள்ளியிலோ டியூஷனிலோ தேடிக்கொள்ளுங்கள்.

மதுரை மீண்டும்: அக்கா, செல்டா இன்டர்வியூ அடுத்த வாரம். என்ன கேட்பார்கள்?

முதலில் வீட்டிலிருந்தே செய்து அனுப்ப ஒரு மொழித் தாள் தருவார்கள். 'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' இரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஒரு மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள் என்பது மாதிரி. நம் பிள்ளைகள் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்' என்று பெயர் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெயரைச் சொல்லுங்கள், அதோடு சாவி இன்னும் கிடைக்கவில்லை என்பதை மாணவருக்கு எப்படிக் காட்டுவீர்கள் என்றும் எழுதுங்கள். நேர்காணலில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டி இன்னொரு விதமாக யோசிக்கச் சொல்வார்கள். அப்போது விடாப்பிடியாக வாதாடாமல், மாற்றி முயன்று பாருங்கள். கருத்தை ஏற்று மாறக்கூடியவரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்த நான்கைந்து வாரமும் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடித்துவிட்டு எழுதுங்கள்.