பாபி வண்டிக்கு பார்ட்ஸ் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ராஜ்தூத் பாபி வண்டி ஒன்று பல வருடமாக நிற்கிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. "வேணும்னா எடுத்துட்டுப் போ மாப்ள" என்கிறார் மாமா. ஊர் மெக்கானிக்கோ, பார்ட்ஸே வராது, இரும்புக்கடையில் போட்டுவிடு என்கிறார். எடுக்கலாமா? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: எடுங்கள். இரும்புக்கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 என்பதுதான் அந்த வண்டியின் முறையான பெயர். பரிதாபாத் எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்தது. 1973ல் வந்த 'பாபி' இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டியதிலிருந்து அதற்கு பாபி வண்டி என்றே பெயர் நின்றுவிட்டது. நம் நாட்டுக் கம்பெனி செய்து ரோட்டில் விட்ட மினி பைக் (சின்னச் சக்கரத்தில் உட்கார்ந்த மோட்டார் சைக்கிள்) என்று சொல்ல இதைவிட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால்தான் இது ஒன்று அழிந்தாலும் எனக்கு மனசு கேட்காது.

உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி சரி. வராத பார்ட்ஸ் உண்டு, ஆனால் அது இன்ஜினில் இல்லை. பாபிக்குள் இருப்பது பெரிய ராஜ்தூத் 175ன் அதே 173 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டுவது), அதே மூன்று கியர். போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழியில் வந்த இன்ஜின் அது. பால்காரர், விவசாயி, தபால்காரர் என்று வடக்கே தலைமுறை தலைமுறையாக ராஜ்தூத் ஓட்டியிருக்கிறார்கள். அதனால் பிஸ்டன், ரிங், கான்ராடு, கிளட்ச் பிளேட், பிளாட்டினம் பாயிண்ட் எல்லாம் தேடினால் இன்றும் கைக்கு வரும். கடையில் "பாபிக்கு வேணும்" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், "ராஜ்தூத் 175க்கு" என்று கேளுங்கள்.

வராதது தகரம். டேங்க், சீட், சைடு கவர், மட்கார்டு, அந்தச் சின்னச் சக்கரத்தின் ரிம், இவையெல்லாம் பாபிக்கு மட்டுமே உள்ளவை. ஆகவே கொட்டகைக்குப் போனதும் இன்ஜினைப் பார்க்காதீர்கள், முதலில் இவை ஐந்தும் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் மேலாகத் துரு இருந்தால் கழுவி எடுத்துவிடலாம், அடித்தகடு விரலால் அழுத்தினாலே அமுங்கினால் தகடு வெட்டி வைத்து ஒட்டுவதற்கு நல்ல டிங்கரிங் ஆள் வேண்டும். (பெட்ரோல் வாடை இருக்கிற டேங்கில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்தாலும் ஆவி உள்ளே தங்கியிருக்கலாம், அதனால் டேங்க் வேலை தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.) கொட்டகை ஈரத்தில் நின்றதால் சேஸின் அடிப்பக்கத்தையும், ஸ்டாண்டு பிடிக்கும் இடத்தையும் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்பது நல்லது.

கிக்கர் இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஏறி மிதிக்க வேண்டாம், கிக்கர் பல் போய்விடும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் விட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். விடவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும். கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் வளையம்) இரண்டையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். இத்தனை வருடம் நின்ற வண்டியில் அந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும், கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் மறுபடி பிடிக்கும். கியர்பாக்ஸ் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை விடும். போர் போட்டாலும் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) புகை நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பலருடைய வண்டியில் இந்த ஒரு சீல்தான் வியாதி.

எங்கே தேடுவது? உங்களுக்குப் பெங்களூரு பக்கம். ஜே.சி. ரோட்டில் புது பார்ட்ஸ், சிவாஜி நகரில் பழையது. சென்னை என்றால் புதுப்பேட்டை. டெல்லி கரோல்பாக் கடைகளிலிருந்து கூரியரில் வரவழைக்கிறவர்களும் உண்டு, ஆனால் பணம் போடும் முன் பொருளை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போனால் பழைய பார்ட்டைத் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்கியது பொருந்துவது அபூர்வம். புஷ், ஸ்பிண்டில், போல்ட் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். ஓசூரில் இத்தனை லேத் பட்டறைகள் இருக்கின்றன, மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பல்பு வாங்கும்போது பழைய பல்பின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் விளக்கு மினுங்கும், வெளிச்சம் தராது.

கேள்வி: பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது என்கிறார்களே, உண்மையா? ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்? – பென்னாகரம் வாசகர்

பதில்: தினமும் ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு பயம் வேண்டாம், நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும், நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். பெட்ரோல் காக் அடியிலிருந்துதானே எடுக்கிறது? அப்படியென்றால் இன்ஜினுக்கு முதலில் போவது ஆயில் இல்லாத கலவை. அதனால் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். பழைய ரப்பர் டியூப், காக் வாசர், இவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள், எத்தனாலில் ஊறி உப்பிப்போகும்.

இந்தப் பழைய இன்ஜின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்று கலப்பதுதான் வழக்கம். புதிதாகப் போர் போட்டிருந்தால் முதல் சில டேங்குக்குக் கொஞ்சம் கூடவே விடுங்கள், அந்த நாட்களில் தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றத்தில் ஆள் வைத்துக்கொண்டு இழுக்க விடாதீர்கள்.

கேள்வி: தாத்தா பெயரில் 1974ம் வருட வண்டி. தாத்தா இல்லை. ஆர்.சி. புத்தகம் மட்டும் இருக்கிறது. விண்டேஜ் என்று பதிவு செய்தால் நல்லதா? – பாலக்கோடு வாசகர்

பதில்: ஓட்டுவதற்கா, வைத்து அழகு பார்ப்பதற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2021ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இப்படிப்பட்ட காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்வர ஆசை என்றால் சாதாரணப் புதுப்பிப்புதான் உங்களுக்கு ஏற்றது.

அதற்கு முதலில் வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31ல் பெயர் மாற்றம், அப்புறம் படிவம் 25ல் புதுப்பிப்பு. பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். வண்டியை நேரில் காட்ட வேண்டும், சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதனால்தான் சொல்கிறேன், பெரிய ராஜ்தூத் இன்ஜினை முழுசாகத் தூக்கி பாபியில் வைத்துவிடலாம் என்று யாராவது சுலப வழி சொன்னால் கேட்காதீர்கள். உள் பார்ட்ஸை மாற்றுங்கள், நம்பர் உள்ள கேஸை மாற்றாதீர்கள்.

அந்தக் காலத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் தருமபுரி மாவட்டம்தான், 2004ல்தான் பிரிந்தது, அதனால் அந்தப் பக்கத்துப் பழைய புத்தகத்தில் தருமபுரி முத்திரை இருக்கலாம். வேறு ஊர்க்காரர்களும் இதைப் படிப்பதால் சொல்கிறேன்: புத்தகத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறதோ அங்கே பழைய பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்று விசாரித்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் டி.வி.எஸ். 50 இருக்கிறது. இதுவும் மினி பைக்தானே? பத்தாவது படிக்கும் மகன் ஓட்டக் கேட்கிறான். – ராயக்கோட்டை வாசகர்

பதில்: அது மொபெட். மினி பைக் என்பது சின்னச் சக்கரத்தில் உட்கார்ந்த மோட்டார் சைக்கிள், ஜப்பானில் ஹோண்டா 1961ல் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காக 5 அங்குலச் சக்கரம் போட்டுச் செய்த வண்டி அந்த வகையில் பேர் போனது. ஆனால் உங்களிடம் இருப்பதும் மதிப்பில் குறைந்ததில்லை. 1980ல் உங்கள் பக்கத்து ஓசூரில் பிறந்தது, இரண்டு பேர் உட்காரும் முதல் இந்திய மொபெட் அதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 16 வயது முடிந்து, 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் எடுத்த பிறகு கொடுங்கள். அதற்கு முன் தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம். சிறுவர் ஓட்டிக் குற்றம் ஆனால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் என்று சட்டம் இருக்கிறது. அதுவரை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து கார்புரேட்டர் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுங்கள்.